இரண்டு நூலென்றால் ஆண்

சூல்வெய் என்பது அவள் பெயர்.
அதற்குள் ஒரு சூல் இருப்பது
தமிழ் தெரிந்தவனுக்கு மட்டுமே படும்.
சுவீடனில் யாருக்கும் தெரியாது.
அவளுக்கே தெரியாது.

அக்டோபர் முடிவில் பால்டிக் கடல்
ஈயம் பூசிய அண்டாவின் உட்புறம்.
ஹில்டிங்கின் படகிலிருந்து
கூண்டுவலைகளைத் தூக்குவாள்,
கையுறைக்குள் விரல் மரத்துப்போக.
உள்ளே நெளிவது டோங்லாகே.
விலாங்கென்று தொடங்கி
வேறெதுவோ என்று முடிந்த மீன்.
முட்டையிடாது, குட்டி போடும்.
எலும்பு பச்சையாக இருப்பதால்
விருந்தாளிக்கு வைக்கமாட்டார்கள்.

காகித ஆலைக் குழாயின் வாயில் ஐம்பது தாய்கள்.
எட்டு கிலோமீட்டர் வடக்கே, நல்ல தண்ணீரில் ஐம்பது.
தலையில் ஒரு தட்டு,
வயிற்றில் ஒரு கீறல்,
தட்டில் பரப்பினால் கண்ணாடிக் குஞ்சுகள்,
கண் மட்டும் கறுப்பாக.

நுண்ணோக்கியில் குனிவாள்.
இரண்டு வெண்ணூலென்றால் ஆண்.
ஒற்றைப் பையென்றால் பெண்.
பிறக்குமுன் இதைப் பார்த்துச் சொன்னால்
சிறைக்கு அனுப்பும் நாடுகள் உண்டு.
அவள் முப்பத்திரண்டு ஆண்டு பார்த்தாள்,
சொல்லவும் செய்தாள்.

வடக்கே பாதிக்குப் பாதி.
ஆலை வாயில்
நூற்றுக்கு அறுபது நூல்.

"ஆண் குஞ்சு கூடினால் யாருக்கு நஷ்டம்?"
என்றார் நகராட்சிக் கூட்டத்தில் ஒருவர்.
சிரித்தார்கள்.
ஆலையின் வேதியியலாளர் பிர்யெர் சிரிக்கவில்லை.
தண்ணீர் உப்பாக இருக்கலாம்,
சூடாக இருக்கலாம்,
எண்ணியவர் களைத்திருக்கலாம் என்றார்.
களைத்துத்தான் இருந்தாள்.
மறுநாள் எல்லாத் தட்டையும்
மறுபடி எண்ணினாள்.
ஒரு குஞ்சுகூட மாறவில்லை.

பிறகு அந்த ஆகஸ்ட்.
கூலித் தகராறில் ஆலை மூடியது.
பதினோரு வாரம்
புகைபோக்கிக்கு மேல் வெறும் வானம்.
வியாழன்தோறும் சங்க அலுவலகத்தில் பட்டாணி சூப்,
பாத்திரத்தோடு வரிசை.
கிரேன் ஓட்டும் ஹில்டிங்கின் மகள்
காரை விற்றாள்.
சூல்வெய் மட்டும்
காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
டோங்லாகே கருத்தரிக்கும் மாதங்கள் இவை.
இன்னும் கொஞ்சம் நீடிக்கட்டும்
என்று ஒரு ராத்திரி நினைத்தாள்.
நினைத்ததை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை.

அக்டோபரில் குழாய் வாயில் வலை.
நானூற்று எண்பத்தாறு ஆண்.
நானூற்றுத் தொண்ணூறு பெண்.
மூன்று முறை எண்ணினாள்.
ஓடிப்போய்ச் சொல்ல ஊரில் ஆளில்லை.
சூப்புக்கு நிற்பவனிடம்
என்னவென்று சொல்வது?
உங்கள் பட்டினியில்
மீனுக்குப் பெண் பிள்ளை பிறந்ததென்றா?

நவம்பரில் புகை வந்தது.
படகில் ஹில்டிங் கேட்டார்:
"இந்த வருஷம் எப்படி?"
"சரியாக இருக்கிறது," என்றாள்.
அவர் வெகுநேரம் கயிறு சுருட்டினார்.
"அப்படியென்றால் நாங்கள்தான்,"
என்றார் கடைசியில்.
அவர் வாங்கிய ஐந்து படகுகளில் மூன்று
ஆலையில் சம்பாதித்த காசு.

ஆறு வருஷம் கழித்து
கழிவுநீருக்கு ஒரு குளம் வெட்டினார்கள்.
அறுபது, ஐம்பத்து மூன்றாய் இறங்கி
அங்கேயே நின்றுவிட்டது.
மரச்சாற்றில் எந்தப் பொருள்
ஒரு பையை இரு நூலாக்கியது?
அது கடைசிவரை அகப்படவில்லை.
கட்டுரையின் இறுதிப் பத்தியில்
அவளே அதை எழுதினாள்,
பிர்யெர் எழுதுமுன்.

கணக்குக்காகத் தான் கிழித்த தாய்களின் கணக்கு
அவளிடம் உண்டு.
மூவாயிரத்து நூற்றுச் சொச்சம்.
சொச்சம் என்று அவள் சொல்லமாட்டாள்,
நான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற நாளில்
ஆலையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது.
ஐந்நூறு தாள், பளிச்சென்று வெள்ளை,
பிர்யெரின் கையெழுத்தோடு.
கேலியா மரியாதையா என்று
அவளுக்குப் புரியவில்லை.
காபி ஆறும்வரை
அதைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

பிறகு ஒரு தாளை உருவி
சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.
உள்ளே மங்கலாக நார்கள்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
பழக்கதோஷத்தில்
ஒன்றா இரண்டா என்று
தேடத் தொடங்கினாள்.